பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆக முடியுமா? (பி.கே. பானர்ஜி, காட்பாடி மைதானம், தொலைந்துபோன ஊசி)

19 மார்ச் 2025 – குடியாத்தத்துக்காரர் கிளப்பியது

நல்லா ஆடினவன் எவனும் நல்ல கோச் ஆனதில்லை. மரடோனாவையே பாருங்க, 2010 உலகக் கோப்பையில ஜெர்மனிகிட்ட 0-4. கால்ல வித்தை இருக்கிறவனுக்கு வாயில வராது. இல்லைன்னு சொல்றவங்க ஒரு பேர் சொல்லுங்க. ஜிடான்னு மட்டும் சொல்லாதீங்க, அவர்கிட்ட ரொனால்டோ இருந்தார். நம்ம நாட்டு ஆளா சொல்லுங்க பார்ப்போம்.

20 மார்ச் 2025, காலை

பி.கே. பானர்ஜி.

பேர் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் இன்றைக்கு மார்ச் 20, அவர் இறந்து சரியாக 5 வருஷம். 2020ல் ஊரடங்குக்கு நாலைந்து நாள் முன்னால் போனார். பேப்பர் முழுக்க கொரோனா, இவர் ஒரு ஓரத்தில். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

1936ல் ஜல்பைகுரி பக்கம் பிறந்தவர். ரைட் அவுட். இப்போது விங்கர் என்கிறார்கள், எங்கள் காலத்தில் ரைட் அவுட், லெஃப்ட் அவுட்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடம் வந்ததே, அந்த அணியில் இருந்தார். 1960 ரோமில் கேப்டன். பிரான்ஸுக்கு எதிராக இவர் கோல் போட்டு நாம் முன்னால் இருந்தோம், கடைசி பத்து நிமிஷத்தில் அவர்கள் திருப்பிப் போட்டு 1-1. 1962ல் ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ் ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். முதல் கோல் இவர், இரண்டாவது நம் ஃபார்வேர்டு ஜர்னைல் சிங். 1961ல் அர்ஜுனா விருது தொடங்கியபோது கால்பந்துக்கு முதல் விருது இவருக்குத்தான். ஆக, "நல்லா ஆடினவன்" பட்டியலில் இவரைச் சேர்க்க யாரும் ஆட்சேபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது கோச் பி.கே. காயத்தால் 1967ல் ஆட்டத்தை விட்டார். 1970 பாங்காக் ஏசியன் கேம்ஸில் ஜி.எம்.எச். பாஷாவும் இவரும் சேர்ந்து பயிற்சி கொடுத்த அணி ஜப்பானை ஜெயித்து வெண்கலம் வாங்கியது. அதற்குப் பிறகு ஏசியன் கேம்ஸ் கால்பந்தில் நமக்கு ஒரு மெடல் கூட கிடையாது. 1972ல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குக் கோச்சாகப் போனார். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனலில் பரம எதிரி மோகன் பகானை 5-0 என்று துவைத்தார்கள். அடுத்த வருஷம் அதே மோகன் பகானுக்குக் கோச்சாகப் போய் உட்கார்ந்தார்! சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியைக் கவிழ்த்துவிட்டு அடுத்த முகூர்த்தத்தில் அங்கேயே வீட்டோட மாப்பிள்ளையாகப் போகிற மாதிரி. போனதோடு விடவில்லை, 1977ல் ஷீல்டு, டூரண்ட் கப், ரோவர்ஸ் கப் மூன்றையும் ஒரே சீசனில் வாங்கிக்கொடுத்தார்.

குடியாத்தத்துக்காரரே, போதுமா?

20 மார்ச் 2025, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. "மோகன் பகான் பிளேயர்தானே, அதனால் கூப்பிட்டிருப்பார்கள்" என்று கீழே ஒருவர். இல்லை ஐயா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங், இந்த மூன்று பெரிய கிளப்பில் ஒன்றுக்குக்கூட அவர் ஆடியதில்லை. ஆர்யனில் ஒரு சீசன், 1955லிருந்து ஈஸ்டர்ன் ரயில்வே. கடைசி வரைக்கும் ரயில்வே. 1958ல் கல்கத்தா லீக்கையே ஈஸ்டர்ன் ரயில்வே ஜெயித்தது. அதற்கப்புறம் அந்த மூன்று கிளப் அல்லாத ஒரு அணி அந்த லீக்கை வாங்க 2019 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, அது பியர்லெஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், 61 வருஷம்.

நான் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவன். இந்தப் பத்தியை எழுதும்போது நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்ததை மறைக்கப் போவதில்லை.

22 மார்ச் 2025

திருத்தம். ஜர்னைல் சிங்கை ஃபார்வேர்டு என்று எழுதிவிட்டேன். ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி பிடித்துவிட்டார். ஜர்னைல் டிஃபென்டர். தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அந்தத் தலையோடு பின்னால் நிற்க வைத்தால் எதிராளி ஃபார்வேர்டு வந்து மோதுவான் என்று அந்த அணியின் கோச் சையத் அப்துல் ரஹீம் அவரைத் தூக்கி முன்னால் போட்டார். செமிஃபைனலில் ஒரு கோல், ஃபைனலில் ஒரு கோல். தலையில் கட்டோடு! தப்பாக எழுதினாலும் நல்ல கதை ஒன்று வெளியே வந்தது, ஆம்பூர்த் தம்பிக்கு நன்றி.

இங்கே குடியாத்தத்துக்காரருக்கு ஒரு பாயிண்ட் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ரஹீம் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத் சிட்டி போலீஸை வைத்து 1950லிருந்து 54 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கப். புற்றுநோயோடு 1962ல் ஜகார்த்தா போய் தங்கத்தோடு வந்தார், 1963 ஜூனில் இறந்தார். நம் நாட்டின் மிகப் பெரிய கோச் யார் என்றால் இவர்தான், பி.கே. இரண்டாவது. பி.கே.யே ரஹீமின் கையில் வளர்ந்தவர்தானே.

ஆனால் "நல்லா ஆடாதவன் நல்ல கோச் ஆகலாம்" என்பதும் "நல்லா ஆடினவன் நல்ல கோச் ஆக மாட்டான்" என்பதும் ஒரே பேச்சு கிடையாது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.

அப்புறம் அதே தம்பி "அந்த டீம்ல தமிழ் ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்டிருந்தார். ஏன் இல்லை. ஃபைனலில் கோல் போஸ்டில் நின்றது பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், ராணுவத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955லும் 58லும் டூரண்ட் கப் வாங்கியபோது இவர்தான் கோலி. இவரும் பின்னால் கோச் ஆனவர்தான், பொகாரோ ஸ்டீல் ஆலையில். பி.கே.க்கு ஈடன் கார்டன் கூட்டம், தங்கராஜுக்கு ஜார்கண்டில் ஒரு ஆலை மைதானம். 2008ல் அங்கேயே இறந்தார். அவரிடம் பழகிய பையன்கள் எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று யாரும் உட்கார்ந்து எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

25 மார்ச் 2025

இதை எழுதியே ஆக வேண்டும்.

வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நாலு தெருவுக்கு நடந்தால் இது வேலூரா கல்கத்தாவா என்று சந்தேகம் வரும். லாட்ஜ் போர்டு வங்காளத்தில், மருந்துக் கடை போர்டு வங்காளத்தில், மீன் சாப்பாட்டுக் கடை வாசலில் ஆள் நின்று "ஆசுன் ஆசுன்" என்று கூப்பிடுவான். ஹவுரா வண்டி காட்பாடியில் நின்றால் பாதிப் பெட்டி காலியாகும். வைத்தியத்துக்காக வந்து மாசக்கணக்கில் தங்குகிறவர்கள். நேற்று டீக்கடையில் அப்படி ஒரு பெரியவர், பாராசாத் பக்கம் ஊர், மனைவிக்கு வைத்தியம். எனக்கு ரயில்வே இந்தி, அவருக்கு வங்காளத்தில் ஊறிய இந்தி. சும்மா இருக்காமல் "பி.கே. பானர்ஜி" என்றேன்.

கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அரை மணி நேரம் டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது, தொடவே இல்லை.

அவர் ஈஸ்ட் பெங்கால் ஆள். 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானத்தில் இருந்தாராம். ஃபெடரேஷன் கப் செமிஃபைனல், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், இந்தியாவில் ஒரு பந்தாட்டத்துக்கு அவ்வளவு பேர் கூடியதில்லை. மோகன் பகானுக்குக் கோச் அமல் தத்தா. அவரும் ஆடிவிட்டு கோச் ஆனவர்தான், இங்கிலாந்து வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அந்த வருஷம் "டயமண்ட்" என்று ஒரு முறை கொண்டுவந்து எல்லாரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் பெங்கால் பக்கம் 61 வயது பி.கே. ஆட்டத்துக்கு முன்னாலேயே தத்தா ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைக் கிண்டல் செய்து வாயை விட்டார். பாய்ச்சுங் பூட்டியாவுக்கு "சுங் சுங்", ஒமோலோவுக்கு "ஆம்லெட்", சோசோவுக்கு "சசா". சசா என்றால் வங்காளத்தில் வெள்ளரிக்காய்.

பி.கே. பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிண்டல்களை அப்படியே பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய்த் தன் பையன்களுக்கு ஊட்டினார். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. சுங் சுங் மட்டும் மூன்று கோல்.

பெரியவர் அந்த மூன்றாவது கோலை டேபிள் மேல் சர்க்கரை டப்பாவையும் பிஸ்கட் பாக்கெட்டையும் நகர்த்திக் காட்டினார். கடைக்காரர் முறைத்தார். பிஸ்கட் பாக்கெட் மோகன் பகான் டிஃபென்ஸ், அது உடைந்துபோயிற்று, காசு நான்தான் கொடுத்தேன்.

ஃபைனலில் கோவாவின் சல்கோக்கர் அணியிடம் தோற்றீர்களே என்று கேட்டேன். "எந்த ஃபைனல்?" என்றார்.

26 மார்ச் 2025

"வெள்ளரிக்காய்னு கூப்பிட்டதுக்கே நாலு கோலா, எங்க கோச் எங்களைக் கத்தரிக்காய்னுதான் கூப்பிடுவார், ஒரு கோலும் போட்டதில்லை" என்று எழுதியிருக்கும் அணைக்கட்டுத் தம்பிக்கு: அது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயாக இருந்தால் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவும்.

2 ஏப்ரல் 2025

பி.கே.யின் பேச்சுக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பேர் "வோக்கல் டானிக்". நம் பாஷையில் வாய்மருந்து. டிரெஸ்ஸிங் ரூமில் அவர் பேசினால் நொண்டியும் எழுந்து ஓடுவான் என்பார்கள். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டனில் பெலேவோடு நியூயார்க் காஸ்மாஸ் வந்து இறங்கியபோது மோகன் பகான் கொஞ்ச நாள் முன்னால்தான் முதல் ஃபெடரேஷன் கப் ஃபைனலில் பெங்களூரு ஐ.டி.ஐ.யிடம் தோற்றிருந்தது. டெலிபோன் செய்கிற கம்பெனியிடம் தோற்ற அணியை வைத்துக்கொண்டு பெலேவை எதிர்கொள்ள வேண்டும். கௌதம் சர்க்கார் பெலேவை ஒட்டிக்கொண்டே திரிந்தார், ஷியாம் தாப்பாவும் ஹபீபும் கோல் போட்டார்கள், 2-2.

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் வாய்மருந்து கொடுக்கப் போனேன். அந்தக் கதை.

நான் ரிட்டையர் ஆனதிலிருந்து காட்பாடியில் ஒரு காலி மைதானத்தில் காலை நேரத்தில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, கேட்கிறவனும் கிடையாது. மூன்று வருஷம் முன்னால் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனேன். இடைவேளைக்கு 0-2. பத்து நிமிஷ பிரேக். பையன்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஆரம்பித்தேன். பி.கே.யிலிருந்து ஆரம்பித்து, ஜகார்த்தாவில் ஊரே நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது, ஜர்னைலின் தலைத் தையல், பாகிஸ்தான் ஹாக்கிக்காரர்கள் நமக்காகக் கத்தியது, அப்புறம் நான் 1986ல் ஒரு ரயில்வே மேட்சில் இடது காலால் போட்ட கிராஸ், எல்லாம் வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பேசி முடித்தபோது ரெஃப்ரி விசில் அடித்தார்.

ஒருத்தனும் தண்ணீர் குடிக்கவில்லை. பக்கெட்டில் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் கலக்கி வைத்தது அப்படியே இருந்தது. மே மாசம், பதினொரு மணி வெயில், வேலூர் ஜில்லா வெயில்.

0-5.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் கோலி, ஆறாவது படிக்கிற பொடியன், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "சார், அந்த ஜர்னைல் சிங்குக்கு அப்புறம் தலை சரியாச்சா?" என்றான். அவ்வளவு பேச்சில் அவன் கேட்டது அது ஒன்றைத்தான்.

3 ஏப்ரல் 2025

சாக்கி பற்றி யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன், எழுதிவிட்டீர்கள். ஆமாம், அரிகோ சாக்கி பெரிய அளவில் ஆடியதே இல்லை, ஷூ விற்றுக்கொண்டிருந்தார். ஏ.சி. மிலானை வைத்து 1989லும் 90லும் ஐரோப்பியக் கோப்பை. குதிரை ஓட்டுகிறவன் முன்னால் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டவர். ஷூ விற்றவர் ஐரோப்பாவை ஜெயித்தார் என்றால் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு மூன்றும் சேர்ந்து உலகக் கோப்பையே வாங்கியிருக்க வேண்டும். நம்மூரில் ஷூ தைக்கிறவர்களும் இருக்கிறார்கள், பந்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவன் தைக்கிற ஷூ வெளிநாட்டுக்குப் போகிறது, அவன் பையன் வெறுங்காலில் ஆடுகிறான்.

சரி, நான் சொல்ல வந்தது இது. ஆடாதவனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. "என் காலத்தில் நான்" என்று ஆரம்பிக்க அவனிடம் ஒன்றும் இல்லை. ஆகவே எதிரில் நிற்கிறவனைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆடினவன் அதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

11 ஏப்ரல் 2025

மார்ச் 20 எழுதியதைத் திரும்பப் படித்தேன். பி.கே. பெரிய ஆட்டக்காரர், ஆகவே பெரிய கோச் என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு வருஷத்தை முழுங்கிவிட்டேன்: 1969.

அந்த வருஷம் ஜப்பானில் ஃபிஃபா நடத்திய பயிற்சியாளர் வகுப்பில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். வாத்தியார் டெட்மார் கிராமர், ஜெர்மன்காரர், ஜப்பான் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்க அடித்தளம் போட்டவர். யோசித்துப் பாருங்கள். இரண்டு ஒலிம்பிக் ஆடியவர், இந்தியக் கேப்டன், அர்ஜுனா. நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்கிறார். "எனக்கா சொல்லிக்கொடுக்கிறாய்?" என்று கேட்க எல்லா உரிமையும் இருந்த ஆள். மரடோனா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரா? குடியாத்தத்துக்காரரே, நீங்கள் சொன்னது பாதி சரி, அந்தப் பாதி இங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தோற்றவன். ஐம்பத்தெட்டு வயதில் டி லைசென்ஸ் வகுப்புக்குப் போனேன், கோச் ஆக ஆரம்பப் படி அது. கூட இருந்தவர்களெல்லாம் என் பையன் வயசு. சொல்லிக்கொடுக்க வந்தவருக்கும் என் பையன் வயசுதான். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து நாளைக்கு நீங்கள் நடத்தப்போகும் பயிற்சியை வரைந்து கொண்டுவாருங்கள் என்றார், எத்தனை கூம்பு, எத்தனை அடி இடைவெளி, எத்தனை நிமிஷம். நான் வரையவில்லை. மைதானத்தில் காட்டுகிறேன் என்றேன். மைதானத்தில் நானே பந்தை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடி ஒரு கிராஸ் போட்டேன், நல்ல கிராஸ், கை தட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. "சார், இப்ப பசங்க என்ன கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ஓடியதால் மூச்சு வாங்கியது என்று அவர் நினைத்திருக்கட்டும்.

லைசென்ஸ் வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.

11 ஏப்ரல் 2025, கொஞ்சம் கழித்து

எழுதிவிட்டதால் மீதியையும் எழுதிவிடுகிறேன். என்னிடம் ஒரு பையன் இருந்தான், எட்டாவது, இடது கால்காரன். அவன் நைனாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. நான் லெஃப்ட் அவுட், இவனும் இடது கால், கேட்கவா வேண்டும். தினமும் அவனைத் தனியாக நிறுத்தி அதே கிராஸ். கோட்டுக்குப் பக்கத்தில் வரைக்கும் ஓடு, தலையைத் தூக்கு, காலை இப்படித் திருப்பு. அவனுக்கு உள்ளே வெட்டி வந்து அடிப்பதுதான் பிடிக்கும். நான் விடவில்லை. ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து காட்பாடி பிளாட்பாரத்தில் பார்த்தேன், அரக்கோணம் போகிற வண்டிக்கு நின்றிருந்தான். ஏண்டா வரலை என்றேன். மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், நீங்க 86ல போட்ட கிராஸ் எனக்கு மனப்பாடம். நான் போட்ட ஷாட் எப்படி இருந்துச்சுன்னு நீங்க ஒரு தடவைகூட சொல்லல சார்."

வண்டி வந்துவிட்டது. இன்னா சொல்றது?

1997ல் பூட்டியாவுக்கு என்ன கோபம் வரும் என்று பி.கே.க்குத் தெரிந்திருந்தது. தன் ஜகார்த்தா கோலைப் பற்றி அவர் அன்றைக்குப் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் யூகம்தான், அந்த அறையில் நான் இல்லை.

14 மே 2025

வெயிலால் பயிற்சி காலை 5.15 முதல் 6.30 வரை மட்டும். பாலாற்று மணலில் ஓட வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத ஆறு நமக்கு இதற்காவது உதவட்டும். ஆனால் மணல் எடுத்த பள்ளங்களில் கணுக்கால் போய்விடும், நான் வேண்டாம் என்கிறேன்.

பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி தொலைந்துவிட்டது. மூன்று பந்தும் புளித்த தோசை மாவு மாதிரி அமுங்குகிறது. போன தடவை எச்சில் தொட்டுச் செருகி, வேலை முடிந்ததும் பம்ப்போடு சுற்றிப் பைக்குள் வைத்தது நன்றாக நினைவு இருக்கிறது. பையில் பம்ப் இருக்கிறது.

23 ஜூன் 2025

இன்றைக்கு பி.கே.யின் பிறந்த நாள். இந்தியக் கால்பந்து சம்மேளனம் இதை கிராஸ்ரூட்ஸ் நாள் என்று அறிவித்திருக்கிறது, பொடியன்களுக்கான நாள். பொருத்தம்தான். 1991லிருந்து 97 வரை ஜாம்ஷெட்பூரில் டாடா ஃபுட்பால் அகாடமியில் இருந்தார். பெரிய கிளப்பில் கோப்பை வாங்கினவர் ஐம்பத்தைந்து வயசில் பையன்களிடம் போனார். அங்கேயிருந்து வந்துதான் அந்த 1997 செமிஃபைனல். இந்த வரிசையை இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை. கிண்டலை மருந்தாக்கிய சாமர்த்தியத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தேன், அதற்கு முன்னால் ஆறு வருஷம் பதினாறு பதினேழு வயசுப் பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பையன்களுக்குக் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். பி.கே. யார் என்று கேட்டேன். ஒருத்தன் "கமிஷனரா சார்?" என்றான்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாருக்கு உதவியாகப் பந்து சொல்லிக்கொடுத்தேன். பத்தாவது பரீட்சைக்கு மூன்று மாசம் முன்னால் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். பரீட்சை முடிந்தும் சாவி வரவில்லை. இப்போது அங்கே வேன்கள் நிற்கின்றன. பேர் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டேன்.

2 ஆகஸ்ட் 2025

காலித் ஜமீல் இந்தியக் கோச் ஆகிவிட்டார்! நேற்று அறிவித்தார்கள். குடியாத்தத்துக்காரர் உடனே "இவர் சுமாராத்தான் ஆடினவர், அதனால நல்ல கோச்" என்று எழுதியிருக்கிறார். சுமாரா? இந்தியாவுக்கு ஆடியவர் ஐயா. மஹிந்திரா யுனைடெட் ஆட்டக்காரர், முழங்கால் பிரச்சினை. மிசோரத்தின் ஐஸால் அணியை வைத்து 2016-17ல் ஐ-லீக்கை, அப்போதைய தேசிய லீக்கை, வாங்கியவர். மிசோரத்திலிருந்து ஒரு அணி ஐ-லீக்கை வாங்கும் என்று யார் கனவு கண்டார்கள்? 1958 ஈஸ்டர்ன் ரயில்வே மாதிரிதான் அதுவும்.

அதிகம் பேச மாட்டாராம். வாய்மருந்து வேறு ரகம். எனக்கு இப்போதெல்லாம் இந்த ரகம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

17 ஆகஸ்ட் 2025

இன்றைக்குத் திருப்பத்தூர் பக்கம் ஒரு செவன்ஸ் மேட்ச், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவது. இடைவேளைக்கு 0-1. வேப்பமரம் இல்லை, புளியமரம். பையன்கள் வந்து உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்கள், நான் பக்கெட்டைக் காட்டினேன். ஆளுக்கு ரெண்டு டம்ளர். அப்புறம் கோலியிடம் மட்டும் "வலது போஸ்ட்டை ஒட்டி நிக்கிற, ஒரு அடி இந்தப் பக்கம் வா" என்றேன். அதே பொடியன்தான், இப்போது ஒன்பதாவது. இன்னொருத்தனிடம் அவன் முதல் பாதியில் அடித்த ஷாட் நல்ல ஷாட் என்றேன், போஸ்ட்டுக்கு மேலே போனாலும். மீதி நேரம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒருத்தன் ஷூ லேசை அவிழ்த்துக் கட்டினான். ரொம்ப நேரம் மாதிரி இருந்தது.

1-2. தோற்றோம். பாராசாத் பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், மனைவி தேறி ஊருக்குப் போய்விட்டார்கள். "எந்த மேட்ச்?" என்றார்.

வர ஞாயிறு காலை 5.30, காட்பாடி. ஊசி இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் கொண்டுவரவும். சைக்கிள் கடையில் கேட்டேன், இருபது ரூபாய்க்கு மூணு என்றான், வாங்கியிருக்கலாம், ஆனால் பழையது பைக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.